மாட்டுக்கு முதுகுத்தண்டு விறைப்பூசி: திருகோணமலைப் பண்ணையாளர்களின் கேள்விகளுக்கு ஒரு மிருக வைத்தியரின் பதில்கள்

கிண்ணியா, எருமைப் பட்டிக்காரர்: டொக்டர், கன்று போட்ட எருமைக்குக் கருப்பை வெளியே தள்ளிவிட்டது. வந்த வைத்தியர் வாலடியில் இரண்டு மருந்தைக் கலந்து போட்டார். ஒன்று போதாதா?

போதும், ஆனால் நேரம் போதாது. லிக்னோகெயின் என்ற விறைப்பு மருந்து ஐந்து நிமிடத்தில் விறைக்கும், ஒன்றரை மணி நேரமளவில் விட்டுவிடும். சைலசீன் என்ற, தூக்கமும் தரும் வலி நீக்கி பிடிக்கப் பத்து, பதினைந்து நிமிடம் எடுக்கும், ஆனால் நான்கு மணி நேரம்கூட நிற்கும். இரண்டையும் சேர்த்தால் வேகம் முதலாவதிலிருந்து வரும், நீடிப்பு இரண்டாவதிலிருந்து. ஐந்து மணி நேரம் வரை தாங்கலாம். கருப்பையை உள்ளே தள்ளித் தையல் போட்ட பிறகும் மாடு முக்கிக்கொண்டே இருந்தால் திரும்ப வெளியே வரும். அந்த நீண்ட நேரம் நமக்குத் தேவைப்படுவது அங்கேதான்.

தம்பலகாமம்: அளவு எப்படி, சேர்?

உங்கள் வைத்தியர் எடை பார்த்துத் தீர்மானிப்பார். விளங்கிக்கொள்ள ஒரு கணக்குச் சொல்கிறேன். கிலோவுக்கு லிக்னோகெயின் 0.2 மில்லிகிராம், சைலசீன் 0.05 மில்லிகிராம். 400 கிலோ மாட்டுக்கு 2 சதவீத (ஒரு மில்லிலீற்றரில் 20 மில்லிகிராம்) லிக்னோகெயின் 4 மில்லிலீற்றர், 2 சதவீத சைலசீன் 1 மில்லிலீற்றர். மொத்தம் 5 மில்லிலீற்றர்தான். நம்மூர் நாட்டுப் பசு 200 கிலோ என்றால் அதில் பாதி. "கொஞ்சம் கூடப் போட்டால் நல்லா விறைக்கும்" என்று நினைக்கக் கூடாது. கூடிய மருந்து முன்னோக்கி ஓடிப் பின்னங்கால்களை மடக்கிவிடும். மாடு சரிந்தால் தூக்க ஆறு பேர் வேண்டும்.

மூதூர்: ஊசி எங்கே ஏற்றுகிறார்கள்?

வாலை மேலும் கீழும் அசைத்தால் முதுகெலும்பு முடியுமிடத்தில் ஒரு பள்ளம் அசையும். முடி மழித்து, நன்றாகக் கழுவி, ஸ்பிரிட் தடவி அங்கே. ஊசி சரியான இடத்தில் இருந்தால் அதன் வாயில் விட்ட துளி உள்ளே உறிஞ்சப்படும். அழகான காட்சி. பிறகு வால் துவண்டு தொங்கும்.

நிலாவெளி: வெள்ளாட்டுக்கும் இதே கலவையா?

வேண்டாம், மாட்டுக் கணக்கை ஆட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். சைலசீன் ஆட்டை மிக எளிதாக வீழ்த்தும், லிக்னோகெயினும் கூடினால் வலிப்பு வரும்.

கந்தளாய்: சிசேரியனுக்கு இது மட்டும் போதுமா?

போதாது. வாலடி ஊசி பின்பகுதியைத்தான் விறைக்கும். விலாவில் வெட்ட, அங்கே தனியாக விறைக்க வேண்டும்.

குச்சவெளி: சைலசீன் போட்ட மாடு வாயில் நுரை தள்ளிச் சாய்ந்துவிட்டது. பயந்துவிட்டோம்.

முதுகில் போட்டாலும் கொஞ்சம் இரத்தத்துக்குப் போய், தூக்கம், எச்சில், மந்தமான இதயத்துடிப்பு, வயிறு ஊதல் எல்லாம் கொண்டுவரும். மாட்டை நெஞ்சில் கிடத்துங்கள், பக்கவாட்டில் விடாதீர்கள். தலை சற்று உயரமாகவும் வாய் கீழ் நோக்கியும் இருந்தால் எச்சில் வழிந்து போகும். வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நிழல் கட்டாயம், இந்த மருந்து உடல் வெப்பத்தை ஏற்றும். நிலைமை மோசமானால் வைத்தியரிடம் முறிக்கும் மருந்து உண்டு. இன்னொன்று: சைலசீன் கருப்பையை இறுக்கும். சினைமாடு என்றால், குறிப்பாகக் கடைசி மாதங்களில், அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கிண்ணியா, மறுபடியும்: அன்றைய பாலைத் தயிருக்கு ஊற்றலாமா?

ஊற்ற வேண்டாம். எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதை ஊசி போட்டவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். சட்டி கழுவுவதற்கு முன் கேளுங்கள், நானா.