பழைய ஏற்பாட்டுச் சமாதானபலி இன்றைய கிறிஸ்தவ வாழ்க்கைக்கு எப்படிப் பொருந்தும்?

சமாதானபலி என்பது கடவுளுக்கு முன்பாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. லேவியராகமம் 3, 7 அதிகாரங்களைப் படியுங்கள். சர்வாங்க தகனபலி என்கிற இன்னொரு வகைப் பலியில் இறைச்சி முழுக்க எரிந்துவிடும். சமாதானபலியில் கொழுப்பும் சில உள்ளுறுப்புகளும் மட்டும் பலிபீடத்துக்கு, மார்பும் வலது தொடையும் ஆசாரியருக்கு, மீதியெல்லாம் கொண்டுவந்தவர் குடும்பத்துக்கே. ஆனால் நன்றிக்காகச் செலுத்தினால் இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை ஒரு துண்டுகூட வைக்கக் கூடாது.

ஏன்? காரணத்தை வேதம் வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது இல்லையா, அதனால் நாலு பேரைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நம்ம ராயபுரத்துச் சந்து ஒன்றில் அண்டா நிறைய பிரியாணி செய்தால் ஃப்ரிட்ஜில் அடைக்கவா முடியும், எதிர்வீடு, மாடிவீடு, தெருமுனை ஆட்டோ அண்ணன் வரைக்கும் போய்விடும், அப்படித்தான்.

இன்றைக்கு நமக்குப் பலிபீடம் இல்லை. எபிரெயர் 13:15, 16 வசனங்கள் உதடுகளின் துதியையும் தானதர்மத்தையும் சேர்த்தே பலி என்கின்றன. ஆகவே வேலை கிடைத்தாலோ, பிள்ளை பாஸானாலோ, ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்வதோடு நிறுத்தாமல், திருப்பி விருந்து வைக்க வசதியில்லாத ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள், அதுவும் அந்த வாரத்திலேயே.

அப்புறம், பலர் நினைப்பதுபோல இது ஆசீர்வாதம் வாங்கக் கட்டும் முன்பணம் இல்லை, நன்றிப்பலி நன்மை கிடைத்த பிறகு செலுத்துவது.