590 ரூபாய் கார்டு கட்டணமும் நின்றுபோன வீட்டுக் கடனும்

கேள்வி: 2023 ஜனவரியில் கஸ்டமர் கேருக்குப் பேசி என் கிரெடிட் கார்டை மூடச் சொன்னேன். அன்றைக்கு ஒரு பைசா பாக்கி இல்லை. கோரிக்கை எண்ணோடு எஸ்.எம்.எஸ். வந்தது, கார்டை வெட்டிப் போட்டுவிட்டேன். இப்போது வீட்டுக் கடனுக்குப் போனால், என் சிபில் அறிக்கையில் அந்தக் கார்டு 'ரைட் ஆஃப்' (வசூலாகாத கடன் என்று வங்கி தள்ளி எழுதியது) என்று இருக்கிறதாம், 6,400 ரூபாய் பாக்கியாம். நான் மூடச் சொன்ன பிறகு மார்ச்சில் போட்ட 590 ரூபாய் ஆண்டுக் கட்டணம்தான் இப்படி வளர்ந்திருக்கிறது. வசூல் பிரிவிலிருந்து பேசியவர், "2,500 கட்டுங்க சார், செட்டில் பண்ணிடலாம்" என்கிறார். கட்டித் தலைமுழுகிவிடலாமா?
- திருப்பூர் வாசகர்

பதில்: கட்டாதீர்கள். குறைந்தபட்சம் இப்போதைக்கு, அவர் சொல்கிற அந்தப் பெயரில் கட்டாதீர்கள்.

'செட்டில்' என்பது நம் பேச்சில் கணக்குத் தீர்ந்தது என்று பொருள்படும். கடன் அறிக்கையில் அதன் பொருளே வேறு. 'இவர் முழுப் பாக்கியையும் கட்டவில்லை, கிடைத்த வரை வாங்கிக்கொண்டு வங்கி மீதியை விட்டுக்கொடுத்தது' என்று அடுத்த வங்கிக்காரர் அதைப் படிப்பார். 2,500 ரூபாய் கொடுத்து ஒரு கறையை இன்னொரு கறையாக மாற்றிக்கொள்வீர்கள், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, பாக்கி இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும்.

முதலில் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். வீட்டுக் கடன் மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டியது போதாது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 'மாதம் இத்தனை ரூபாய்' என்று அவர்களுடைய இணையதளம் முன்னால் நீட்டும் திட்டங்களைத் தாண்டி, இலவச அறிக்கைக்கான இணைப்பைத் தேடிப் பிடியுங்கள்.

ஸ்கோரை விடுங்கள். அந்தக் கார்டின் பக்கத்துக்குப் போங்கள். மாதவாரியாகக் கட்டம் கட்டி, ஒவ்வொன்றிலும் மூன்று இலக்கம் இருக்கும். தவணை தவறி எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் அது. 000 என்றால் ஒழுங்கு. உங்களுக்கு ஜனவரி வரை வரிசையாக 000 இருந்து, ஏப்ரல், மே வாக்கில் திடீரென 030, 060 என்று ஏறத் தொடங்கியிருக்கும். அந்த ஏற்றம் தொடங்கும் மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடச் சொன்ன தேதிக்குப் பிறகுதான் எல்லாமே நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பாக்கித்தொகை, ரைட் ஆஃப் தொகை, கடைசியாக வங்கி தகவல் அனுப்பிய தேதி மூன்றையும் எழுதி வையுங்கள்.

இனி வங்கி எங்கே சறுக்கியது என்று பார்ப்போம். 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள்தான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களில் மூட வேண்டும். மூடியதும் தகவல் சொல்ல வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். ஆண்டுக் கட்டணம் பாக்கி நின்றதே என்று வங்கி வாதாடும். நீங்கள் மூடச் சொன்ன நாளில் அந்தக் கட்டணமே பிறக்கவில்லை என்பதுதான் உங்கள் பதில்.

590 எப்படி 6,400 ஆனது? கட்டாமல் நின்ற கட்டணங்களையும் வரியையும் அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. ஆகவே மாதவாரிக் கணக்கைக் கேளுங்கள். பல நேரம் இந்த ஒரு கேள்வியிலேயே எதிர்முனையில் தொனி மாறிவிடும். அத்துடன், தவணை தவறியவர் என்று கடன் தகவல் நிறுவனத்துக்குச் சொல்லுமுன் கார்டுதாரருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு, எந்த மின்னஞ்சலுக்குத் தெரிவித்தீர்கள் என்றும் கேளுங்கள்.

இதையெல்லாம் போனில் கேட்காதீர்கள். வங்கியில் இருந்த காலத்தில் நான் பார்த்தது இது: கோபமாகப் பேசிய வாடிக்கையாளர்களின் அழைப்பு 'விசாரணை' என்று பதிவாகி அன்றே முடிந்துவிடும். நான்கு வரி எழுதிக் கொடுத்தவருடைய தாளுக்குத்தான் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. மின்னஞ்சல் இப்படி இருந்தால் போதும்:

"இந்த எண்ணில் முடியும் கார்டை மூட 2023 ஜனவரி இந்தத் தேதியில் கோரினேன். கோரிக்கை எண் இது. அன்று பாக்கி இல்லை. அதன்பின் விதித்த கட்டணம் முழுவதையும் ரத்து செய்து, கணக்கை 'க்ளோஸ்டு' என மாற்றி, 2023 மார்ச் முதலான தவணை தவறிய பதிவுகளை நீக்கி, திருத்திய தகவலை நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அனுப்புமாறு கோருகிறேன். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவும்."

'க்ளோஸ்டு' என்று மாற்றச் சொல்வதோடு நிறுத்தினால், பழைய மாதங்களின் கட்டங்கள் அப்படியே நிற்கும். அதனால்தான் அந்த நடு வரி.

இதே புகாரை அதே நாளில் சிபில் இணையதளத்திலும், தவறு தெரிகிற மற்ற நிறுவனங்களிலும் பதிந்துவிடுங்கள். சிபில் தானாக எதையும் அழிக்காது. வங்கியைக் கேட்டு, வங்கி ஒப்புக்கொண்டால்தான் திருத்தும். ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். மொத்தம் 30 நாள். அதில் வங்கிக்கு 21 நாள், மீதி கடன் தகவல் நிறுவனத்துக்கு. தாண்டினால், தாமதம் யாருடையதோ அவர் உங்களுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் தர வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 80-ஆவது நாளில் தீர்ந்தால் 5,000 ரூபாய். பணம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணையோ யு.பி.ஐ. ஐடியையோ புகாரிலேயே கொடுத்துவிடுங்கள். ஸ்கோர் ஏன் குறைந்தது என்ற புகாருக்கு மட்டும் இந்த இழப்பீடு கிடையாது. தவறான பதிவைப் பற்றியே பேசுங்கள்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது மழுப்பல் பதில் என்றால் தள்ளிப்போடாமல் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போங்கள். 2022 செப்டம்பர் முதல் சிபில் போன்ற நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். இணையத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தமிழிலேயே எழுதித் தபாலில் அனுப்பவும் செய்யலாம். ஐயம் இருந்தால் 14448. ஒன்றைக் கவனியுங்கள், இந்தப் புகாரும் நுகர்வோர் ஆணைய வழக்கும் ஒரே நேரத்தில் ஓட முடியாது. வீட்டுக் கடன் கைநழுவி, கொடுத்த அட்வான்ஸ் போனது போன்ற பெரிய நஷ்டம் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை யோசிக்கலாம். பதிவைத் திருத்துவதுதான் நோக்கம் என்றால் குறைதீர்ப்பாளரே போதும் என்பது என் கருத்து.

அதுவரை வீட்டுக் கடன்? புகார் எண்ணையும் கடிதத்தையும் அந்த மேனேஜரிடம் கொடுத்து, கோப்பை மூடாமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். தொகை சின்னது, புகார் நிலுவையில் இருக்கிறது என்றால் சிலர் ஏற்பார்கள். கோபத்தில் நான்கைந்து வங்கிகளில் விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு வங்கியும் உங்கள் அறிக்கையைக் கேட்டுப் பார்த்தது அதிலேயே பதிவாகும். '10 நாளில் சிபிலை க்ளீன் செய்து தருகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களுக்கு ஆதார், பான் நகல் எதுவும் போய்விடக் கூடாது. தவறான பதிவைத் திருத்த உங்களுக்கே வழி இருக்கிறது. உண்மையான பதிவை அவர்களாலும் அழிக்க முடியாது.

நிஜமாகவே தவணை தவறிய வாசகர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு இந்த வழி உதவாது. முழுத் தொகையைக் கட்டி 'செட்டில்டு' இல்லாமல் 'க்ளோஸ்டு' என்று வாங்குங்கள், நோ டியூ சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்.

திருப்பூர் வாசகரே, அந்த எஸ்.எம்.எஸ். இன்னும் போனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். அழிந்துபோயிருந்தால், அந்த ஜனவரி மாதத்துக் கோரிக்கைப் பதிவுகளின் நகலை வங்கியிடம் கேட்பதுதான் கடிதத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும்.