சூடானால் கனக்கும் ஸ்டியரிங்: லாரிப் பட்டறைக் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது 2003 மாடல் பத்து சக்கர லாரி. காலையில் எடுக்கும்போது பவர் ஸ்டியரிங் ஒழுங்காக இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓடியபின், லோடு இறக்கும் இடத்தில் ஒடித்துத் திருப்பினால் இரண்டு பக்கமும் கனக்கிறது. ரேஸ் கொடுத்தால் கொஞ்சம் லேசாகிறது. ஆயில் மாற்றிப் பார்த்துவிட்டோம். ஸ்டியரிங் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?
– லாரி உரிமையாளர், சங்ககிரி

பதில்: இப்போதைக்குப் பாக்ஸில் கை வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கனக்கிறது, சூடான பிறகுதான் வருகிறது, ரேஸ் கொடுத்தால் குறைகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் ஆயிலை அழுத்தத்தோடு பாக்ஸுக்குத் தள்ளும் பம்ப்பின் மேல்தான் போக வேண்டும். காலையில் ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த பம்ப்கூட எப்படியோ தள்ளிவிடும். சூடேறி ஆயில் நீர்த்ததும், பம்ப்புக்குள் சுழலும் தேய்ந்த பிளேடுக்கும் அதைச் சுற்றியுள்ள கேம் ரிங்குக்கும் இடையிலுள்ள இடுக்கு வழியாக உள்ளேயே கசிந்து திரும்பிவிடும். ஐடிலில் (ரேஸ் கொடுக்காமல் எஞ்சின் ஓடும்போது) பம்ப் சுற்றுவதும் மெதுவாக என்பதால் பாக்ஸுக்குப் போய்ச் சேரும் ஆயில் போதாது. சிக்கல் என்னவென்றால், பாக்ஸுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே குணம்தான் தெரியும். ஆயில் அழுத்தத்தை அளக்கும் கேஜ் போட்டால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும்.

அதற்கு முன் கைச்செலவில்லாமல் பார்க்க வேண்டியவை உண்டு. ஆயில் மாற்றியபோது ஸ்டியரிங் ஆயில் டேங்க் உள்ளே இருக்கும் ஃபில்டரையும் மாற்றினீர்களா? பல இடங்களில் ஆயிலை மட்டும் ஊற்றிவிட்டு விட்டுவிடுகிறார்கள். அடைத்த ஃபில்டரோடு புது ஆயில் ஊற்றிப் பயனில்லை. அடுத்து, டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் ஓஸ். பழைய ரப்பர் ஓஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். உள்தோல் உரிந்து தொங்கினாலோ, சூட்டில் இளகி உறிஞ்சும்போது சப்பையானாலோ பம்ப்புக்கு ஆயில் கிடைக்காது. எஞ்சின் சூடாக ஓடும்போது அந்த ஓஸை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள். பம்ப் பெல்ட்டில் ஓடும் வண்டியானால் பெல்ட் வழுக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒடிக்கும்போது கிரீச்சென்ற சத்தம் வரும்.

பிறகு முன் ஆக்சில். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டின் மேல் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. பாக்ஸிலிருந்து கீழே தொங்கும் டிராப் ஆர்மிலிருந்து, சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, டயரைக் கையால் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தள்ளுங்கள். ஒரே ஆள் தள்ளி நகர வேண்டும். நகரவில்லை என்றால் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னோ அதன் அடி பேரிங்கோ பிடித்திருக்கிறது. பவர் ஸ்டியரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கிரீஸ் அடிக்கும்போதும் ஆக்சிலைத் தூக்கி வைத்துத்தான் அடிக்க வேண்டும். வண்டியின் எடை பேரிங் மேல் உட்கார்ந்திருக்கும்போது அடித்தால் கிரீஸ் சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல் பக்கவாட்டில் பிதுங்கி வந்துவிடும். டிராக் லிங்க் கழன்றிருக்கும்போதே மேலே ஏறி ஸ்டியரிங்கையும் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் இறுகி விட்டால், அது ஸ்டியரிங் ராடில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்ததன் அடையாளம். அந்த ஜாயின்ட்டை மாற்றினால் போதும் என்ற இடத்தில் பாக்ஸையே கழற்றிய வண்டிகள் நிறைய.

இதெல்லாம் சரி என்றால் டிராக் லிங்கைத் திரும்ப மாட்டிவிட்டுக் கேஜுக்கு வாருங்கள். 200 பார் வரை காட்டும் ஆயில் கேஜும், அதே அழுத்தத்தைத் தாங்கும் மூடு வால்வும் வேண்டும். பம்ப்பிலிருந்து பாக்ஸுக்குப் போகும் பிரஷர் பைப்பில் முதலில் கேஜ், அதற்கு அப்பால் வால்வு. இந்த வரிசை மாறக் கூடாது. பைப்பைக் கழற்றிய இடத்தில் காப்பர் வாஷர் இருந்தால் புதிது போடுங்கள். ஏர் எடுத்துவிட்டு (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது; முறை கீழே சத்தியமங்கலம் கேள்வியில்), ஸ்டியரிங்கைச் சில முறை ஒடித்து ஆயிலை 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்குங்கள். குளிர்ந்த ஆயிலில் எடுத்த அளவு உங்கள் கோளாறைக் காட்டாது.

எஞ்சின் ஐடிலில், வால்வு முழுக்கத் திறந்து, யாரும் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருக்கும்போது கேஜ் சில பார் மட்டுமே காட்ட வேண்டும். அதிகம் காட்டினால் திரும்பி வரும் வழியில் அடைப்பு. இப்போது வால்வை மூடி, கேஜ் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து, உடனே திறந்துவிடுங்கள். 5 விநாடிக்கு மேல் மூடி வைத்தால் ஆயில் கொதித்துப் பம்ப் கெடும். இந்த வகை வண்டிகளில் ரிலீஃப் அழுத்தம் (அதற்கு மேல் ஏறாமல் ரிலீஃப் வால்வு திறந்து விடும் எல்லை) பெரும்பாலும் 100 முதல் 150 பாருக்குள் இருக்கும். உங்கள் பம்ப்புக்கு எவ்வளவு என்பதை அதன் மேலுள்ள தகட்டிலோ வண்டியின் சர்வீஸ் புத்தகத்திலோ பாருங்கள். ஒரு எச்சரிக்கை: சில மாடல்களில் ரிலீஃப் வால்வு பம்ப்பில் இல்லாமல் பாக்ஸில் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் கேஜோடு போட்ட மூடு வால்வை மூடவே கூடாது. மூடினால் பம்ப் உடையும், பைப் வெடிக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் சோதனையைத் தொடங்காதீர்கள்.

வால்வை மூடியபோது அழுத்தம் ஏறவில்லை என்றால் பம்ப்தான். ஏறினால், வால்வைத் திறந்து வைத்துவிட்டு சக்கரம் ஒடிவதற்கு எல்லை வைக்கும் முன் ஆக்சில் ஸ்டாப் போல்ட்டுக்கும் அது முட்டும் இடத்துக்கும் நடுவே 25 மில்லி மீட்டர் கனமுள்ள இரும்புத் துண்டைக் கொடுத்து, அந்தப் பக்கம் முட்டும் வரை ஒடியுங்கள். கடைசி ஒடிப்பில் அழுத்தத்தை விடுவிக்கும் சின்ன வால்வுகள் பாக்ஸுக்குள் உண்டு. அவை திறக்காமல் இருக்கவே இந்த இரும்புத் துண்டு. கைவிரல் அந்தப் பக்கம் போகக் கூடாது. இங்கேயும் 5 விநாடிதான். பம்ப் காட்டிய அழுத்தத்துக்கு அருகே வந்தால் பாக்ஸ் நன்றாக இருக்கிறது. அதிகமாகக் குறைந்தால் பாக்ஸுக்குள் கசிவு. இரண்டு பக்கமும் செய்து பாருங்கள்.

அழுத்தம் சரியாக இருந்தும் பம்ப் தரும் ஆயிலின் அளவு குறைந்திருக்கலாம். வால்வு மூடியிருக்கும்போது கொஞ்சம் ஆயிலே அழுத்தத்தைக் காட்டிவிடும். அதனால் ஐடிலில் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பினால் லேசாகவும், வேகமாகத் திருப்பினால் திடீரென்று பிடித்தும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அளவுதான் போதவில்லை.

பம்ப்பைக் கழற்றினால் முதலில் உள்ளே இருக்கும், ஆயில் அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ கன்ட்ரோல் வால்வைப் பாருங்கள். ஆயில் தடவிய அந்த உருளை அதன் துளைக்குள் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். தூசி சிக்கி மாட்டியிருந்தால் கழுவினாலே சரியாகிவிடும்; கீறல் விழுந்திருந்தால் மாற்றுங்கள். கேம் ரிங்கின் உள்முகம் விரலுக்கு அலை அலையாகத் தட்டுப்பட்டால் ரோட்டர் செட்டோ பம்ப்போ புதிதுதான். ரிலீஃப் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு அழுத்தத்தை ஏற்றுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். இரண்டு வாரம் லேசாக ஓடும், பிறகு ஓஸும் பாக்ஸின் ஆயில் சீலும் போகும். பம்ப் தேய்ந்த இரும்புத் தூள் டேங்க், பைப், பாக்ஸ் எங்கும் போயிருக்கும். எல்லாவற்றையும் அலசி, புது ஃபில்டர் போடாமல் புதுப் பம்ப் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

கேள்வி: ஸ்டியரிங் ஆயில் வாரத்துக்கு அரை லிட்டர் குறைகிறது. கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை. எங்கே போகிறது?
– ஓட்டுநர், நாமக்கல்

பதில்: எஞ்சின் ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு ஏறியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. எஞ்சின் கியரிலிருந்தோ ஏர் கம்ப்ரஸரின் பின்னாலிருந்தோ ஓடும் பம்ப்பில் ஷாஃப்ட் ஆயில் சீல் போனால், டேங்க் ஆயில் வெளியே வராமல் எஞ்சினுக்குள் இறங்கும். சீலை மட்டும் மாற்றினால் போதாது. ஷாஃப்ட்டை ஆட்டிப் பாருங்கள். பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் புதுச் சீலும் நிற்காது. எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம் மாற்றியாக வேண்டும். இரண்டு ஆயிலும் கலந்ததை வைத்துக்கொண்டு ஓட்டினால் எஞ்சின் பேரிங்குக்கு ஆபத்து.

ஸ்டிக்கில் மாற்றமில்லை என்றால், பாக்ஸின் அடியில் டிராப் ஆர்முக்கு மேலே உள்ள ரப்பர் மூடிக்குள்ளும், சேஸிஸ் மேல் தூசியோடு கலந்து கெட்டியாகப் படிந்திருக்கும் இடங்களிலும் தேடுங்கள். ஓடும்போது மட்டும் கசிவது நிற்கும்போது சொட்டாது. வண்டியைக் கழுவி, ஒரு நடை போய் வந்து பார்த்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: வலது பக்கம் லேசாகத் திரும்புகிறது, இடது பக்கம் கடைசியில் கனக்கிறது. முன் ஸ்பிரிங் வேலை செய்த பிறகுதான் இப்படி.
– பட்டறைத் தொழிலாளி, ஈரோடு

பதில்: பம்ப்பை விட்டுவிடுங்கள். அது ஒன்றே இரண்டு பக்கத்துக்கும் ஆயில் தருகிறது. பிஸ்டன் ரிங்கும் அப்படித்தான். தேய்ந்தால் இரண்டு பக்கமும் கனக்கும். ஒரு பக்கக் கோளாறுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, மேலே சொன்ன அழுத்தம் விடுவிக்கும் வால்வுகளில் அந்தப் பக்கத்துடையது முன்கூட்டியே திறப்பது. மற்றொன்று, பாக்ஸின் வால்வு சீல் ரிங்கில் அந்தப் பக்கத்துடையது உடைந்திருப்பது.

ஸ்பிரிங் வேலைக்குப் பிறகு என்று நீங்கள் சொல்வதால் முதல் காரணத்தையே நான் தேடுவேன். ஆக்சிலைத் தூக்கி, சக்கரங்களை நேராக வைத்து, இடது கோடிக்கு எத்தனை சுற்று, வலது கோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டிராப் ஆர்ம் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கலாம், டிராக் லிங்க் நீளம் மாறியிருக்கலாம், ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் அதன் குழியில் உட்காராமல் ஆக்சிலே நகர்ந்திருக்கலாம். பாக்ஸ் நடுவில் நிற்கும்போது சக்கரம் நேராக இல்லை என்றால், ஒரு பக்கம் மட்டும் சீக்கிரமே அதன் எல்லைக்கு வந்து அழுத்தத்தை விட்டுவிடும். இதைச் சரிசெய்த பின் ஸ்டாப் போல்ட்டுகளையும் அந்த வால்வுகளையும் புத்தகத்தின்படி மறுபடி செட் செய்யுங்கள்.

டிராப் ஆர்மைக் கழற்ற புல்லர் போடுங்கள். சம்மட்டியால் அடித்தால் அந்த அதிர்ச்சி, ஆர்ம் மாட்டியிருக்கும் செக்டர் ஷாஃப்ட் வழியாகப் பாக்ஸுக்குள் போய் எஃகுக் குண்டுகள் (பால்) உருளும் பாதையில் குழி விழ வைக்கும். காஸ் வைத்துச் சூடேற்றுவதும் கூடாது. ஷாஃப்ட்டிலும் ஆர்மிலும் கோடு போட்டிருக்கும்; இரண்டும் ஒன்றுசேர மாட்டுங்கள்.

கேள்வி: பிரஷர் ஓஸ் மாற்றிய பிறகு டேங்கில் நுரை, ஒடித்தால் உறுமல். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் தீரவில்லை.
– ஓட்டுநர், சத்தியமங்கலம்

பதில்: ஒருவேளை எடுக்கும் முறையில் தவறு இருக்கலாம். எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப் காற்றை ஆயிலோடு கடைந்து நுரையாக்கிவிடும். பிறகு பிரிய மணிக்கணக்காகும். இரவு முழுக்க நிற்க விட்டு, முன் ஆக்சிலைத் தூக்கி, எஞ்சின் ஓடாமலே ஸ்டியரிங்கைக் கோடி முதல் கோடி வரை பத்துப் பதினைந்து முறை மெதுவாகச் சுற்றுங்கள். ஒருவர் டேங்க் பக்கத்தில் நின்று குறையக் குறைய ஊற்ற வேண்டும். குமிழி நின்ற பிறகு ஸ்டார்ட் செய்து, ஐடிலிலேயே இன்னும் சில முறை. கோடியில் பிடித்து நிறுத்தக் கூடாது. பிறகு எஞ்சினை நிறுத்தி டேங்கைப் பாருங்கள். ஆயில் மட்டம் 1, 2 செ.மீ. ஏறுவது இயல்பு. அதற்கு மேல் ஏறினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

இப்படிச் செய்தும் நுரை வந்துகொண்டே இருந்தால், காற்று புதிதாக உள்ளே வருகிறது என்று அர்த்தம். நீங்கள் மாற்றிய பிரஷர் ஓஸில் தேடாதீர்கள். அங்கே ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே பீய்ச்சும். காற்று உறிஞ்சும் பக்கத்தில்தான் நுழையும்: டேங்க்–பம்ப் ஓஸின் கிளிப், அதன் வெடிப்பு, பம்ப் ஷாஃப்ட் சீல்.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் வண்டிக்கு இன்னொன்று. வளைவில் ஸ்டியரிங்கைக் கோடி வரை ஒடித்து அப்படியே அழுத்திப் பிடிக்காதீர்கள். ஒரு விரற்கடை விட்டுப் பிடியுங்கள். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விட்டால் பவர் உடனே போய்விடும். ஸ்டியரிங் திரும்பும், ஆனால் லோடு வண்டியை வளைவில் திருப்ப ஒருவர் கைபலம் போதாது.

கேள்வி: பவர் ஸ்டியரிங் டேங்கில் அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றலாமா?
– மேட்டூர் வாசகர்

பதில்: கூடாது. பவர் ஸ்டியரிங்கின் ரப்பர் சீல்கள் பிரேக் ஆயிலில் ஊதி, கொழகொழத்துப் போகும். தெரியாமல் ஊற்றிவிட்டால் எஞ்சினை ஓட விடாமல் வடித்து அலசுங்கள். ஓடியிருந்தால் சீல் செட் மாற்றுவதைத் தவிர வழியில்லை. பெரும்பாலான வண்டிகளுக்குச் சிவப்பு நிற ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியருக்கான) ஆயில், சில மாடல்களுக்கு எஞ்சின் ஆயில். டேங்க் மூடியிலோ புத்தகத்திலோ எழுதியிருப்பது எதுவோ அதையே ஊற்றுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) வருகிறதே, அதற்கு வண்டியைத் தயார் செய்யும்போதே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். அலசுவதற்கும் சேர்த்து இரண்டு லிட்டர் கூடுதலாக வாங்கி வையுங்கள்.