ஸ்தோத்திரம் சொன்னால் கேள்வி கேட்கக் கூடாதா?

கேள்வி: என் கணவர் ஷா ஆலமில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். மூன்று வாரங்களுக்கு முன் ஆட்குறைப்பில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்தும் சகோதரர், "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யவேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது" என்கிறார். இழப்பீட்டுப் பணத்தில் 3,000 வெள்ளியை (ரிங்கிட்) முன்கூட்டியே நன்றிக் காணிக்கையாக விதைத்தால் 40 நாளில் புது வேலை வரும் என்று கர்த்தர் அவருக்கு வெளிப்படுத்தினாராம். தினமும் இரவில் நோட்டுப் புத்தகத்தில் ஐந்து நன்றிகள் எழுதுகிறேன், மனம் ஒட்டவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கொண்டுவந்து கொடுக்கும் பீஹூனைச் சாப்பிடும்போது அழுகைதான் வருகிறது. சந்தேகப்படுவது அவிசுவாசமா?
(வாசகி, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள், சகோதரி. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது வந்து கேட்டுவிடப் போகிறார்களே என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சகோதரர் காட்டிய வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:18. அதோடு வேதத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது. மூன்று வசனம் தள்ளி, அந்த நிருபத்தை எழுதிய அதே அப்போஸ்தலன் பவுல், "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். நடுவில், தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்றும் இருக்கிறது. அதாவது, ஒருவர் "கர்த்தர் சொன்னார்" என்றால் சிரித்து ஒதுக்கவும் கூடாது, அப்படியே விழுங்கவும் கூடாது. ஸ்தோத்திரம் செய், சோதித்துப்பார் என்று ஒரே மூச்சில் சொன்ன இந்த இரண்டு கட்டளைகளில் ஒன்றைக் கையில் எடுத்து மற்றதன் வாயை அடைப்பது வேதத்துக்குச் செய்யும் அநியாயம். உங்கள் சந்தேகம் அவிசுவாசம் இல்லை, கீழ்ப்படிதல்.

சரி, எப்படிச் சோதிப்பது? அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். தெசலோனிக்கேயரில் ஒருவருக்கும் பாரமாயிருக்கக் கூடாது என்று இரவும் பகலும் வேலை செய்துகொண்டே சுவிசேஷம் சொன்னதாகப் பவுல் எழுதுகிறார். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று எழுதிய கை அது. வேலை போன வீட்டின் இழப்பீட்டுப் பணத்தை நோக்கி அது நீண்டிருக்குமா? காணிக்கையைப் பற்றி அவர் சொன்னதும் தெளிவு: விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, அவனவன் தன் மனதில் நியமித்தபடி (2 கொரிந்தியர் 9:7). இங்கே தொகையை நியமித்தது வேறொருவர், கெடுவை வைத்ததும் அவரே. வேலைக்கு விலை பேசுகிற பணத்தை நன்றிக் காணிக்கை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. தீர்க்கதரிசிகள் பேசினால் மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்கிறது 1 கொரிந்தியர் 14:29. நிதானிப்பது சபை கூடிச் செய்கிற வேலை. உங்கள் வீட்டு வரவேற்பறையில் உங்களைத் தனியாக உட்காரவைத்து முடிக்கிற காரியம் இல்லை. அந்தச் சகோதரரைக் கள்ளத் தீர்க்கதரிசி என்று நான் முத்திரை குத்த வரவில்லை, அவர் மனதார நம்பியும் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே வார்த்தையை உங்கள் போதகர் முன்னால் சொல்லச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

"ஏன் என்று கேட்கக் கூடாது" என்பதையும் நம்பாதீர்கள். 13-ஆம் சங்கீதத்தில் மொத்தமே ஆறு வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கி, அவர் எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன் என்று முடிகிறது. முதல் வசனத்தை அழித்துவிட்டுக் கடைசி வசனத்தை மட்டும் உங்களிடம் கேட்கிறார்கள்.

இனி உங்கள் நோட்டுப் புத்தகம். உயிர், சுகம், குடும்பம் என்று தினமும் ஒரே பட்டியல் எழுதினால் யாருக்கும் மனம் ஒட்டாது. எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். லூக்கா 18-இல் இயேசு சொன்ன உவமையில் பரிசேயனும் ஸ்தோத்திரம் சொன்னான், நீட்டி முழக்கிச் சொன்னான். நீதிமானாகத் திரும்பிப் போனது, பாவியென்று தன்னை ஒப்புக்கொண்ட ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) தான். 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவிகளின் தலைவர் லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனையில் முதல் படி நன்றி. அதற்கடுத்து உண்மையைப் பார்க்க வெளிச்சம் கேட்கவேண்டும், பிறகு அன்றைய பொழுதை மணிக்கு மணி பார்க்கவேண்டும். நம் சபைகளில் பலருக்கு இது கத்தோலிக்க வழக்கமாகத் தெரியலாம். இருக்கட்டும், வரிசை நல்ல வரிசை. அன்று யார் கையால் என்ன வந்தது என்று ஒன்றே ஒன்றைக் குறிப்பாகப் பாருங்கள். பீஹூன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதீர்களே, அந்த நோட்டில் இல்லாத ஸ்தோத்திரம் அதில் இருந்தது. அந்த அக்கா உங்களிடம் தொகை கேட்கவில்லை, கெடு வைக்கவில்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே பிடிபடும்.

அப்புறம், உங்கள் கணவர் சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) போனாரா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 2018 முதல் வேலைக் காப்புறுதித் திட்டம் நடப்பில் இருக்கிறது. அவர் சம்பளத்திலிருந்து பிடித்தம் போயிருந்தால், வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மூன்று வாரம் ஏற்கனவே போய்விட்டது. வேலை நீக்கக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அவரை அனுப்புங்கள். தனியாகப் போகக் கூச்சப்பட்டால் சபையில் யாரையாவது கூட அழைத்துக்கொள்ளட்டும். ஜெபக்கூட்டத்தை நடத்தும் சகோதரரையே கூப்பிட்டாலும் சரிதான்.