குழாய்க்குள்ளும் கரையும் சர்க்கரை

கேள்வி: என் தந்தைக்கு வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை செய்ய, காலை ஆறு மணிக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துச் சென்றார்கள். அப்போது எங்கள் குளுக்கோமீட்டர் 131 காட்டியது. ஆய்வக அறிக்கையிலோ 114 என்று வந்திருக்கிறது. எதை நம்புவது?

பதில்: குளுக்கோமீட்டரில் 15 சதவீதம் வரை ஏற்றத்தாழ்வு அனுமதிக்கப்பட்டதுதான் என்பதால், 131 என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆனால் ரத்தத்தை எந்தக் குழாயில் எடுத்தார்கள், எவ்வளவு நேரம் கழித்துப் பரிசோதித்தார்கள் என்று கேட்டறியாமல் 114 என்ற எண்ணையும் நான் ஏற்க மாட்டேன்.

உடலை விட்டு வெளியே வந்த பின்னும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா, சிவப்பணுவில் கிடையாது. ஆகவே உடல் முழுவதற்கும் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் அந்த அணு, தன் ஆற்றல் தேவைக்கு அதைப் பயன்படுத்த வழியின்றி, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை இரண்டு லாக்டேட்டாக உடைத்து, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகளை நிகரமாக இரண்டே இரண்டு பெறுகிறது. மைட்டோகாண்ட்ரியா உள்ள செல்லுக்கு அதே குளுக்கோஸிலிருந்து ஏறத்தாழ 30 ஏடிபி கிடைக்கும். இந்தச் சொற்ப வருமானத்தில்தான் சிவப்பணு சோடியத்தை வெளியேற்றி, பொட்டாசியத்தை உள்ளே வைத்து, தன் வடிவத்தைக் காத்துக்கொள்கிறது. குழாய்க்குள்ளும் இந்த வேலை நிற்பதில்லை. அறை வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸ் குறைகிறது. 130 இருந்த ரத்தம் இரண்டு மணி நேரத்தில் 115 அளவுக்கு இறங்கிவிட்டால், நீரிழிவுக்கான 126 என்ற எல்லையைத் தாண்டியிருந்தது தெரியாமலே போய்விடும்.

சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் இதற்காகவே சோடியம் ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. அது தடுப்பது ஈனோலேஸ் என்ற நொதியை. குளுக்கோஸை உடைக்கும் பத்துப் படிகள் கொண்ட பாதையில் அது இயங்குவது ஒன்பதாவது படியில். முதல் படியில் குளுக்கோஸைப் பிடித்துக்கொள்ளும் ஹெக்சோகைனேஸ் அதன் பிறகும் ஓரிரு மணி நேரம் இயங்கிக்கொண்டிருப்பதால், சாம்பல் மூடிக் குழாய்கூட முழுப் பாதுகாப்பு அல்ல. குழாயைப் பனிக்கட்டியில் வைத்து, அரை மணி நேரத்துக்குள் அணுக்களிலிருந்து பிளாஸ்மா என்ற திரவப் பகுதியைப் பிரித்துவிடுவதே சரியான முறை. சிட்ரேட் கலந்த குழாய், ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டித் தொடக்கப் படிகளையே விரைவில் நிறுத்திவிடும்.

எனவே தந்தையை ஆய்வகத்துக்கே நேரில் அழைத்துச் சென்று, வெறும் வயிற்றில் மீண்டும் ரத்தம் கொடுக்கச் செய்யுங்கள். அப்போதே ஹெச்பிஏ1சி பரிசோதனையும் செய்துகொள்ளலாம். பல வாரங்களாக ஹீமோகுளோபினில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அது அளப்பதால், குழாய் சில மணி நேரம் காத்திருந்தாலும் அந்த எண் மாறாது. அவருக்கு ரத்தசோகை இருந்தால் மட்டும் அதை முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ஏனெனில் ஹெச்பிஏ1சி அளவு அதனால் மாறக்கூடும்.