டியூப்லெஸ் சைக்கிளும் கருவேல முள்ளும்

கேள்வி: புது சைக்கிளில் டியூப்லெஸ் டயர். சீமைக் கருவேல முள் குத்திக் காற்று இறங்கிவிட்டது. தெருமுனைக் கடைக்காரர் பைக்குக்குப் போடும் பஞ்சர் திரியைச் செருகலாம் என்கிறார். விடலாமா? (பரமக்குடி வாசகர்)

பதில்: விடாதீர்கள். நான் ஒருமுறை விட்டுவிட்டுப் பட்டிருக்கிறேன். பைக் திரி சைக்கிள் டயருக்கு ரொம்பத் தடிமன். அதற்காக ஊசியால் குடைந்ததில் முள் போட்ட ஓட்டை மூன்று மடங்கானது.

முள் ஓட்டைக்குப் பெரும்பாலும் திரியே வேண்டாம். டயருக்குள் சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் பால் போன்ற திரவம்) இருந்தால், முள்ளைப் பிடுங்கிவிட்டு ஓட்டை கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள். வெள்ளையாகப் பால் மாதிரி கொப்பளிக்கும், கொஞ்ச நேரத்தில் சீறல் அடங்கும். காற்றடித்துக்கொண்டு கிளம்பலாம். உங்களுக்கு அடைபடவில்லை என்றால் சீலன்ட் காய்ந்திருக்கும் என்பது என் சந்தேகம். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்திலேயே உள்ளே ரப்பர் தோலாகப் படிந்துவிடும். வால்வின் நடுப்பகுதியைக் கழற்றி, மெல்லிய குச்சியை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டாவிட்டால் புதிதாக ஊற்றுங்கள். அகலமான மலைச் சைக்கிள் டயர் என்றால் சுமார் 100 மில்லி பிடிக்கும்.

கண்ணாடி கிழித்த வெட்டு வேறு கதை. அதற்குச் சைக்கிளுக்கென்றே மெல்லிய திரி கிடைக்கிறது. அதுவும் நிற்காவிட்டால் சாதாரண டியூப் ஒன்றைப் போட்டு வீடு வந்து சேருங்கள். போடுமுன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்து, விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சீலன்ட் மறைத்து வைத்திருந்த பழைய முட்கள் அங்கேதான் இருக்கும். எனக்குப் போன மாதம் ஏழு கிடைத்தன!