சம்பளம் கூடிவிட்டதாம், ஊரெல்லாம் சொல்கிறது

அன்புள்ள மிஸ்,

எனக்கு வயது 41. கொழும்பு 02, கொம்பனித் தெருவில் இருக்கிறோம். கணவர் இராணுவத்தில் சார்ஜன்ட், 2005 இல் சேர்ந்தவர். அவர்கள் மலே குடும்பம், நான் மருதானைப் பக்கத்துச் சோனகப் பெண். மகனுக்குப் பதினெட்டு. ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கிறான். மகள் எட்டாம் ஆண்டு.

என் பிரச்சினை சம்பளம். குறைந்த சம்பளம் என்று நினைத்துவிடாதீர்கள், கூடின சம்பளம்தான் பிரச்சினை. 2025 பட்ஜெட்டில் அரசாங்க உத்தியோகத்துக்கு ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 இலிருந்து 40,000 ஆகிறது, 15,750 ரூபா கூடுகிறது என்று டீவியில் சொன்னார்கள். அன்றைக்குப் போன நிம்மதி இன்னும் வரவில்லை. மூலைக் கடைக்காரர் "உங்களுக்கென்ன, ஆமிக்குச் சம்பளம் கூடிட்டே" என்று சொல்லிக் கடன் கொப்பியை நீட்டினார். என் ராத்தா பத்தாயிரம் ரூபாச் சீட்டில் என் பெயரையும் போட்டுவிட்டா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவவின் மாப்பிள்ளை தனியார் கம்பனி. எங்களுக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது என்று அவர்களுக்கு நினைப்பு.

அந்த 15,750 எங்கே மிஸ்? ஒரேயடியாகத் தரவில்லை. 2025 ஏப்ரலில் ஒரு துண்டு, 2026 ஜனவரியில் ஒரு துண்டு, மீதி 2027 ஜனவரியில். அதிலும் முன்னமே தனியாக வந்துகொண்டிருந்த கொடுப்பனவுகளைத் தூக்கி அடிப்படைச் சம்பளத்துக்குள் போட்டுவிட்டுத்தான் 15,750 என்கிறார்கள். ஆகக் குறைந்த சம்பளக்காரருக்குப் புதிதாகக் கூடுவது 8,250 தானாம். இடது சட்டைப் பையில் இருந்ததை வலது பைக்கு மாற்றிவிட்டு, காசு தந்தேன் என்று சொல்கிற மாதிரி. பே ஷீட்டில் இடர்க் கடன் வெட்டு, வங்கிக் கடன் வெட்டு எல்லாம் போனால் மிச்சம் என்ன?

நான் 2021 இலிருந்து ஒரு சீஆர் கொப்பியில் விலை எழுதி வைக்கிறேன். சமையல் காஸ் 1,493 ரூபா என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் அதே சிலிண்டர் 4,860. பால்மா பக்கெட் ஆயிரத்தைத் தாண்டிய நாளை சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறேன். தேங்காய் 200 ஐத் தாண்டியபோதும் அப்படித்தான். செய்தியில் மட்டும் பணவீக்கம் இறங்கிவிட்டதாம். எந்தக் கடையில் இறங்கியது என்று கேட்டுச் சொல்லுங்கள், நானும் போய் வாங்குகிறேன்.

இவர் லீவில் வந்தால் இரவுச் சாப்பாட்டு நேரம் அந்தக் கொப்பியை எடுத்துச் சத்தமாக வாசிப்பேன். அப்போதாவது உறைக்கட்டும் என்று. இவர் இல்லாத நாளிலும் என் வாய் நிற்காதுதான், ஒத்துக்கொள்கிறேன். இவர் ஒன்றும் பேசமாட்டார். "கேம்பில் சாப்பிட்டுட்டு வந்தேன்" என்று பாதிச் சோற்றோடு எழும்பிவிடுவார். கேட்டால், "2027 இல் இருபத்திரண்டு வருஷம் முடியுது. பென்ஷனுக்குக் கணக்குப் பார்க்கிறது அடிப்படைச் சம்பளத்தை. கொஞ்சம் பொறு" என்பார். பொறுத்துப் பொறுத்தே வயது போய்விட்டது.

மாமிக்கு எல்லாம் பெருமை. "எங்கட தெருப் பேரே பட்டாளத்துப் பேர்" என்பா. பெருமையைக் கொண்டு போனால் சதொசவில் அரிசி தருவார்களா? மகன் கூட போன மாதம் ஆமிக்கு ஆள் எடுக்கிற படிவம் ஒன்றைக் கொண்டு வந்து புத்தகத்துக்குள் வைத்திருந்தான். நான் எடுத்து ஷொப்பிங் பையில் சுற்றி அரிசி வாளிக்கு அடியில் போட்டுவிட்டேன். 2030 க்குள் ஆமியை ஒரு லட்சமாகக் குறைப்போம் என்று 2023 இல் சொன்னவர்கள் எதற்குப் புதிதாக ஆள் எடுக்கிறார்கள்? அன்றைக்கு ராத்திரி 2009 இல் மாதிரி விடிய விடிய முழித்திருந்தேன். அது கிடக்கட்டும். மகள் டியூஷனுக்கு மட்டும் மாதம் எவ்வளவு போகிறது தெரியுமா? எனக்கு பிரஷர் வேறு. கூடின நாளில் மகன்தான் சோறு வடிப்பான், நல்ல பிள்ளை.

15,750 என்று ஊருக்குச் சொன்னவர்கள் வெட்டுக் கணக்கையும் சொல்லியிருக்கலாம். மிஸ், இவரை எப்படியாவது பேச வைக்க வழி சொல்லுங்கள். விலகி கட்டாருக்கு செக்கியூரிட்டி வேலைக்காவது போகச் சொல்லவா? இந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது என்று இவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

பெயர் வேண்டாம், கொழும்பு 02

* * *

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கணக்கில் பிழை இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். பிறகு அந்த வீதம் இறங்கியது உண்மை. ஆனால் வீதம் இறங்கினால் விலை ஏறுகிற வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். ஏறி நின்ற விலை மாடியிலேயே நிற்கிறது. நானும் தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டதும் குவியலிலேயே வைத்துவிட்டு வந்தவள்தான். சீட்டுக்கு முடியாது என்று ராத்தாவிடம் சொல்லுங்கள். கடைக்காரருக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பற்றி நான் சொல்ல இருப்பது அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். 15,750 என்ற எண் நான்கு இடத்தில் வருகிறது. மகன் கொண்டு வந்த படிவம் ஒரே ஒரு இடத்தில், அதுவும் மாமியின் பெருமைக்கும் மகளின் டியூஷனுக்கும் நடுவில் வருகிறது. "அது கிடக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கிடக்கவில்லையே. காஸ் விலைக்காகவும் சீட்டுக்காகவும் நீங்கள் விடிய விடிய முழித்திருக்கவில்லை. முழித்திருந்தது அந்த ஒரு ராத்திரி.

2009 இல் உங்கள் மகனுக்கு ஒரு வயது இருந்திருக்கும். கைக்குழந்தையோடு கொம்பனித் தெருவில் இருந்துகொண்டு, வடக்கிலிருந்து என்ன செய்தி வருமோ என்று இருந்திருக்கிறீர்கள். அந்தப் பயத்தை அன்றைக்கு யாரிடமாவது சொன்னீர்களா? கடிதத்தில் அதற்கு ஒரு வரிகூட முழுதாக இல்லை. பட்டாளத்துக் குடும்பத்தில் மருமகளாக வந்தவள் பயம் என்று வாய் திறந்தால் பெருமைக்கு இழுக்கு என்று நினைத்திருக்கலாம். அவர் திரும்பி வந்தார், யுத்தமும் முடிந்தது. அதற்குப் பிறகு அதைப் பேச யாருக்கும் தேவை இருக்கவில்லை. பயத்தைப் பற்றிப் பேச முடியாதவர்களுக்குக் காசைப் பற்றிப் பேசுவது லேசு. காசைப் பற்றி எவ்வளவு புலம்பினாலும் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

இனி நான் சொல்வது கொஞ்சம் கசக்கும். கணவருக்கு உறைக்கட்டும் என்று கொப்பியை வாசிக்கிறேன் என்கிறீர்கள். அவர் இல்லாத நாளிலும் வாய் நிற்காது என்கிறீர்கள். அவர் இல்லாத நாளில் அதை யார் கேட்டார்கள்?

அந்த மேசையில் இருந்தவன் உங்கள் மகன். ஐந்து வருஷமாக, பதின்மூன்று வயதிலிருந்து, இந்த வீட்டில் காசு போதாது, வாப்பாவால் முடியவில்லை என்று இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்டிருக்கிறான். பதினெட்டு வயதானதும் அவன் என்ன செய்வான்? அவனுக்குத் தெரிந்த ஒரே உத்தியோகம் வாப்பாவுடையது. மாதம் தவறாமல் சம்பளம், சாப்பாடு, உடுப்பு, முடிவில் பென்ஷன். போய்ப் படிவம் எடுத்துவிட்டான். பெருமைக்காரி என்று மாமி மேல் பழி போடுகிறீர்கள். பெருமைக்கும் அதில் பங்கு இருக்கும். உங்கள் தெருவின் பெயரே கொம்பனி. ஆங்கிலேயர் காலத்தில் மலே சிப்பாய்கள் நிறைய இருந்த ரைபிள் படையணியை 1873 இல் கலைத்த பிறகும் அந்தக் கதை வீடுகளுக்குள் இன்னும் ஓடுகிறது. ஆனால் அவன் கையில் படிவத்தைக் கொடுத்ததில் பெரிய பங்கு உங்கள் சீஆர் கொப்பிக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. வேண்டுமென்று செய்தீர்கள் என்று சொல்லவில்லை. செய்தீர்கள்.

அப்புறம் அந்த அரிசி வாளி. பிரஷர் கூடின நாளில் மகன்தான் சோறு வடிப்பான் என்கிறீர்கள். சோறு வடிப்பவன் அரிசி அள்ளாமலா வடிக்கிறான்? போன மாதம் போட்ட பை. இதற்குள் அரிசி எத்தனை தரம் அடி தட்டியிருக்கும்? சுண்டு அடியில் முட்டும்போது பை சரசரக்காதா? அவன் கண்டுவிட்டான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கண்டிருந்தால், உம்மா ஒளித்தது தெரிந்தும் ஒன்றும் கேட்காமல் மேலே அரிசியைத் தள்ளி மூடிவிட்டு வந்து சோறு வைத்துத் தந்திருக்கிறான். அவர் பாதிச் சோற்றோடு எழும்புகிறார், மகன் வாய் திறப்பதில்லை, நீங்கள் விலையை மட்டும் பேசுகிறீர்கள். இதில் கணவரை மட்டும் பேச வைக்க என்னிடம் வழி கேட்கிறீர்கள்.

கட்டார் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. 2027 இல் முடிகிற சேவையை இப்போது விடச் சொல்வதற்கு உங்களுக்கே மனம் வராது. அடிப்படைச் சம்பளம்தான் பென்ஷனுக்குக் கணக்கு என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இடது பை வலது பை என்று நீங்கள் சொல்கிற அதே மாற்றம்தான் அவர் பொறுத்திருப்பதற்குக் காரணம். அவரை ஆமியிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் மகன் உள்ளே போகமாட்டான் என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறீர்களோ என்று எனக்கொரு சந்தேகம்.

மகனிடம் சம்பளத்தைச் சொல்லி வாதாடப் போகாதீர்கள், தோற்றுப்போவீர்கள். தனியாருக்கு 2026 ஜனவரியிலிருந்து சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் 30,000. அரசாங்கத்தில் அடிப்படை மட்டும் 40,000 ஆகப் போகிறது, வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 17,800 அதற்கு மேல். ஏ.எல். எழுதிய பிள்ளைக்கு இந்தக் கழித்தல் வராதா? குறைக்கிற படைக்கு எதற்கு ஆள் என்று கேட்டாலும், வயது போனவர்கள் விலக விலக இளம் ஆட்கள் வேண்டும்தானே என்று சொல்லிவிடுவான்.

படிவத்தை எடுத்து, ஒட்டின அரிசித் தூளைத் துடைத்து, அவன் கையில் கொடுங்கள். "நான்தான் ஒளிச்சேன், பயந்து" என்று சொல்லுங்கள். சம்பளம் குறைவு, விலைவாசி கூட என்று அதற்கு வால் ஒட்ட வேண்டாம். 2009 ஐச் சொல்லுங்கள். அவனுக்கு அப்போது ஒரு வயது, இது வரை அந்தக் கதை அவனுக்கு வெற்றிக் கதையாக மட்டுமே வந்திருக்கும். கணவர் லீவில் வரும்போது, இருபத்தொரு வருஷம் எப்படிப் போனது என்று மகனுக்கு அவர் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், கொப்பி இல்லாமல். அவர் ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் இருந்தால் அந்த ஐந்து நிமிஷத்தையும் நிரப்பாதீர்கள்.

எல்லாம் கேட்ட பிறகும் சேரத்தான் போகிறேன் என்று அவன் சொல்லலாம். சொன்னால் அது அவன் முடிவு. வீட்டுக் கஷ்டத்துக்காகப் போகிறானா, விருப்பப்பட்டுப் போகிறானா என்பதை மட்டும் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கஷ்டத்துக்காக என்றால், "வீட்டைப் பார்க்க நானும் வாப்பாவும் இருக்கிறோம், இது உன் பொறுப்பு இல்லை" என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான். ஐந்து வருஷமாக அவனுக்கு அதற்கு நேர்மாறாகத்தான் சொல்லி வந்திருக்கிறீர்கள், ஒரே நாளில் நம்பமாட்டான். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவரும்.

கொப்பியை எழுதுங்கள், நல்ல பழக்கம். சாப்பாட்டு மேசைக்கு மட்டும் கொண்டு வராதீர்கள். தூக்கமில்லாத ராத்திரிகள் தொடர்ந்தால் பிரஷர் கிளினிக்கில் டொக்டரிடம் அதையும் சொல்லுங்கள். நடு இரவில் யாரோடாவது பேச வேண்டும்போல் இருந்தால் 1926 மனநல உதவி இலக்கம் இருக்கிறது. குளிசையை விட்டுவிடாதீர்கள். பிரஷர் கூடின நாளில் மகனே சோறு வடிக்கட்டும், வாளியில் அரிசி மட்டும் இருக்கட்டும்.